வ. வே. சு. ஐயரும் புகலிட தர்மமும்

திருவொற்றியூருக்கு வடக்கே கடலோரமாயுள்ள எர்ணாவூரில் பர்மா நகர் என்ற பெயருடைய குடியிருப்பு ஒன்று உண்டு. 1942-ம் வருஷத்தில் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சிக் காட்டு வழியாக நடந்து வந்தவர்களும், 1964-ம் வருஷத்தில் அந்நாட்டு ராணுவ சர்க்கார் கடைகளை நாட்டுடைமையாக்கிய பின் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களுமாக எண்ணற்ற தமிழர் பர்மாவை விட்டு வந்தனர். வடசென்னையில் குடியேறிய அம்மக்களின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது.

வீடிழந்து வருகிறவனைப் பற்றி ஊரில் முதலில் பரவுவது வதந்தியே. இவன் ஒற்றன் என்பர்; நம் பிழைப்பைப் பறிக்க வந்தவன் என்பர். மெய்ச் செய்தி வந்து சேருமுன் பொய் வேரூன்றிவிடுகிறது. இவ்விஷயத்தில் பத்திரிகைகளின் கடமை யாது என்று நாம் ஆலோசிக்குங்கால், பத்து வருஷ காலம் தாமே புகலிடவாசியாய் வாழ்ந்த ஸ்ரீமான் வ. வே. சு. ஐயரின் சரிதம் நினைவுக்கு வருகிறது. அவரும் ஒரு காலத்தில் ரங்கூனில் வசித்த வக்கீலே.

திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த வரகனேரியில் 1881-ம் வருஷம் ஐயர் பிறந்தார். பி. ஏ. பட்டம் பெற்று, பிளீடர் பரீட்சையில் தேறி, திருச்சியிலும் பின்னர் ரங்கூனிலும் தொழில் நடத்தினார். 1907-ல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்றவரை இந்தியா ஹவுஸ் என்னும் விடுதியும் அங்கிருந்த ஸாவர்க்கரின் நட்பும் புரட்சி மார்க்கத்தில் திருப்பின. 1910 மார்ச்சில் ஸாவர்க்கர் கைதானதும் ஐயருக்கு லண்டனில் இருக்க வழியில்லாமற் போயிற்று. பாரிஸ் சென்று, மாறுவேடம் பூண்டு, பல நாடுகளைக் கடந்து, அவ்வருஷத்திலேயே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். 1908 முதல் பாரதியாரும், 1910 ஏப்ரல் முதல் அரவிந்தரும் அங்கே அடைக்கலம் பெற்றிருந்தனர்.

1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஞ்சிக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் ஐயர் என்ற பேச்சு அன்று எழுந்தது, இன்றும் எழுதப்படுகிறது. ஐயர் ஆயுதப் புரட்சியில் நம்பிக்கை கொண்டிருந்தவர் என்பதை நாம் மறைப்பதற்கில்லை. அகதியைப் பற்றிய உண்மையில் அவனுக்கு அனுகூலமானதை மட்டும் பொறுக்கி எழுதினால் அதுவும் வதந்தியின் இனமேயாகும்.

அக்கொலைக்குப் பின் புதுச்சேரித் தெருக்களில் பிரிட்டிஷ் ஒற்றர்கள் நிறைந்தனர். அதே வருஷத்தில், அந்நியர் அங்கே தங்குவதற்கு ஐந்து கௌரவ மாஜிஸ்திரேட்டுகளின் நற்சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்ற சட்டமும் பிறந்தது. தேசபக்தர்களை வெளியேற்றுவதற்கு இது போதுமென்று பலர் நினைத்திருக்கலாம். ஆனால் கலவை சங்கரச் செட்டியார் முயற்சியால் வேண்டிய ஐந்து கையெழுத்துக்களும் கிடைத்தன. ஊரார் ஐவர், தாம் அறிந்ததைத் தம் பெயரிட்டுச் சொன்னார்கள். ஒற்றர்கள் பெயரின்றி அனுப்பிய குறிப்புக்களைவிட அது வலிமை பெற்றது.

பின்னர் நடந்தது அதைவிடக் கொடிது. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி அகப்பட்டது. அதனுள்ளே ராஜத் துரோகக் காகிதங்கள் இருந்தன. பிடித்துக் கொடுப்பதற்காக யாரோ போட்டுவைத்த பொய்ச் சாட்சியம் அது. அதை எரித்துவிடலாம், புதைத்துவிடலாம். ஆனால் மறைத்தது வெளிப்பட்டால் பொய்யே மெய்யாகிவிடும். ஆகவே ஐயரும் நண்பர்களும் கலந்தாலோசித்து, தாங்களே பிரெஞ்சுப் போலீஸாருக்கு அறிவித்தனர். விசாரணை நடந்தது, வீடுகள் சோதிக்கப்பட்டன. அரவிந்தர் இல்லத்தில் கிரேக்க, லத்தீன் நூல்களைக் கண்ட அதிகாரி வியந்து மரியாதையுடன் திரும்பினார். குற்றம் சாட்டிய ஒற்றனே பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடும்படி நேர்ந்தது.

1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகேயிருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்தியது. கப்பல் அன்றிரவே போய்விட்டது. ஆனால் அது மீண்டும் வருகிறதென்ற வதந்தி போகவில்லை. ஜனங்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடினர். நம் வடசென்னை மக்களே சின்னாட்களுக்கு அகதிகளாயினர். யுத்தத்தில் பிரான்ஸும் பிரிட்டனும் ஒரே கட்சியாகையால், தேசபக்தர்களை ஆப்பிரிக்காவிலுள்ள அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடும் யோசனை எழுந்தது. நாடு கடத்தப்படலாம் என்ற நிலையில் ஐயர் செய்த காரியம் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்ததாகும். நூல் 1916-ல் வெளிவந்தது. அபாயகரமான மனிதர் என்று குறிப்பேடுகளில் எழுதப்பட்டவர் அக்காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு அதுவே ருசு.

யுத்தம் முடிந்தபின் பொது மன்னிப்புப் பெற்று 1920-ல் தாயகம் திரும்பி, சென்னையில் தேசபக்தன் பத்திரிகையின் ஆசிரியரானார். 1921-ல், தாம் எழுதாத ஒரு கட்டுரைக்காக ஒன்பது மாதச் சிறைவாசம் விதிக்கப்பெற்றார். பின்னர் சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி அளிக்கப்பட்டது பெருங் கிளர்ச்சியை மூட்டியது. அக்கண்டனம் நியாயமானதே என்பது நம் கருத்து. 1925 ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் தம் மகளைக் காக்க முயன்று, ஐயர் நீரில் மூழ்கி உயிர் நீத்தார்.

இச்சரிதத்திலிருந்து பத்திரிகையாளரும் பொதுஜன ஊழியரும் கற்க வேண்டியது யாது? முதலாவது, சொற்களைச் சரியாக ஆளவேண்டும். பர்மாவிலிருந்தும், 1964-ம் வருஷத்து சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்தும் வந்தோர் தாயகம் திரும்பியோர்; அவ்வொப்பந்தப்படி வந்தோருக்கு இந்தியப் பிரஜாவுரிமை வாக்களிக்கப்பட்டது. அகதி என்பவன் கொடுமைக்கோ யுத்தத்துக்கோ அஞ்சி எல்லை கடந்தவன். புகலிடம் கோருபவன், தன் கோரிக்கைக்கு இன்னும் முடிவு பெறாதவன். முடிவு பெறாமை குற்றமன்று. இம்மூவரையும் கள்ளக் குடியேறிகள் என்ற ஒரே சொல்லால் சுட்டுவது அநீதி.

இரண்டாவது, சட்டத்தின் நிலையை உள்ளபடி கூறவேண்டும். 1951-ம் வருஷத்து சர்வதேச அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கே இயற்றப்படவில்லை. எனவே 1983 முதல் வந்த இலங்கைத் தமிழர் பெற்றது பெரும்பாலும் சர்க்கார் உத்தரவுகளால் கிடைத்த ஆதரவே. அவர்கள் தங்கும் முகாம்களுக்கு 2021-ல் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றப்பட்டது. கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் உள்ள முகாம்கள் எர்ணாவூருக்குத் தொலைவானவையல்ல. ஆயினும் அங்கே வாழ்வோரைப் பற்றி நம்மவர் எத்தனை பேர் நேரிற் கண்டு பேசுகிறார்கள்?

மூன்றாவது, பெயரில்லாச் செய்தியை நம்பலாகாது. சொன்னவர் யார், கண்டவர் யார், எந்த ஆதாரத்தின் மேல் என்று கேட்டபிறகே அச்சேற்ற வேண்டும். மேடையேறிப் பேசும் தொண்டருக்கும் இவ்விதி பொருந்தும். அன்று ஐயரைக் காத்தவை ஐந்து மனிதரின் கையெழுத்தும், ஜாடியை மறைக்காத நேர்மையும், நியாயமாக விசாரித்த ஓர் அதிகாரியின் கண்களுமே. இம்மூன்றையும் இன்று வந்திறங்கும் அகதிக்கும் கிடைக்கச் செய்வது நம் கடமை. அந்நிய நாட்டானின் அடைக்கலத்தால் தம் தலைவர்களைக் காத்துக்கொண்ட தமிழ் மக்கள் இக்கடமையில் தவறலாகாது.