பாம்புகளுக்கு வீடு கட்டிய பெண்

கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. லண்டன் நகரத்தில் உள்ள செயின்ட் பால் பெண்கள் பள்ளிக்கூடம் அது. மாணவிகள் எல்லோரும் புத்தகமும் நோட்டும் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் கூடவே இன்னொன்றையும் கொண்டுவந்திருந்தாள். அது ஒரு முதலைக் குட்டி! பொம்மை அல்ல, உயிருள்ள முதலைக் குட்டி! அன்றைக்கு யாருக்குக் கணக்கு ஏறியிருக்கும்?

அந்த மாணவியின் பெயர் ஜோன் பிராக்டர். அப்போது அவளுக்கு வயது 16. பாம்பு, பல்லி, ஆமை, முதலை ஆகியவற்றைக் கூட்டில் வைத்தால் எப்படி வைக்க வேண்டும் என்று பின்னாளில் உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர் அவர்தான். 34 வயதிலேயே கண்ணை மூடிவிட்ட அந்த அம்மையாரின் கதை இது.

சாப்பாட்டு மேஜையில் பல்லி

ஜோன் 1897-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி லண்டனில் பிறந்தாள். தந்தை பங்குத் தரகர். வசதியான குடும்பம். மற்றச் சிறுமிகள் பொம்மைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்த வயதில், ஜோன் பாம்புகளையும் பல்லிகளையும் வளர்த்தாள். 10 வயதில் அவளுக்கு உற்ற தோழன் டால்மேஷியா பகுதியைச் சேர்ந்த பெரிய பல்லி ஒன்று. அவள் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். சாப்பிடும் நேரத்தில் மேஜையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்!

வீட்டில் வளர்த்ததால் ஜோனுக்கு ஒரு பெரிய லாபம் கிடைத்தது. எந்தப் பிராணி எப்போது வெயிலைத் தேடுகிறது, எப்போது நிழலுக்குள் ஒளிகிறது, எப்போது இரையைத் தொடாமல் சுருண்டு கிடக்கிறது என்பதையெல்லாம் அவள் தினமும் கண்ணால் கண்டாள். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தராத படிப்பு அது.

மூடிய கதவும் திறந்த கதவும்

ஆனால் ஜோனுடைய உடம்பு அவளுக்கு ஒத்துழைக்கவில்லை. சிறு வயது முதலே தீராத குடல் நோய். வலியும் வைத்தியமுமாகவே நாட்கள் கழிந்தன. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சேர்ந்து படிக்க வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை.

இன்னொருவராக இருந்தால் அத்தோடு மனம் ஒடிந்து உட்கார்ந்திருப்பார். ஜோனுக்கு வேறு ஒரு கதவு திறந்தது. லண்டனில் உள்ள இயற்கை வரலாற்று மியூசியத்தில் ஊர்வன பகுதிக்குத் தலைவராக இருந்தவர் பூலாஞ்ஜே என்ற பேரறிஞர். இந்திய நாட்டின் ஊர்வனவற்றைப் பற்றி 1890-ல் பெரிய நூல் எழுதியவர் அவர். 1916-ல் ஜோனைத் தமக்கு உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பெண்களுக்கு அங்கே நிரந்தர உத்தியோகம் கொடுக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது. ஜோன் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறு ஆண்டிலேயே, 19 வயதில், விலங்கியல் கழகத்தின் முன்பாக விரியன் பாம்புகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை படித்தார். கழகத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1920-ல் பூலாஞ்ஜே ஓய்வு பெற்றதும், அந்தப் பகுதியைக் கவனிக்கும் பொறுப்பு ஜோன் மீது விழுந்தது. ஆப்பிரிக்காவில் தோசைபோலத் தட்டையான ஓடு கொண்ட ஓர் ஆமை உண்டு. அதன் ஓடு அப்படி அமைந்த விதத்தை ஆராய்ந்து 1922-ல் அவர் எழுதிய கட்டுரை விஞ்ஞானிகளின் பாராட்டைப் பெற்றது.

மியூசியத்தில் இருந்தவை சாராயக் குப்பிகளில் பதம் செய்து வைத்த ஜந்துக்கள். அவற்றுக்குப் பசி இல்லை, குளிர் இல்லை. 1923-ல் லண்டன் மிருகக்காட்சி சாலை அவரை ஊர்வன பகுதியின் காப்பாளராக நியமித்தது. முப்பது வயதைத் தொடாத, நோயாளியான ஒரு பெண், நச்சுப் பாம்புகளுக்கும் முதலைகளுக்கும் அதிகாரி! பத்திரிகைகள் எல்லாம் வியந்து வியந்து எழுதின. ஜோனுக்கோ அது பழைய தோழர்களோடு மறுபடி சேர்ந்ததுபோல் இருந்தது.

ஓணான் சொல்லும் பாடம்

காலை நேரத்தில் வேலி ஓணானைக் கவனித்திருக்கிறீர்களா? வெயில் படும் இடத்தில் ஏறி அசையாமல் உட்கார்ந்திருக்கும். உடம்பு சூடேறியதும் சுறுசுறுப்பாக இரை தேடும். உச்சி வெயில் வந்தால் இலை மறைவில் புகுந்துவிடும். நம் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஊர்வனவற்றுக்கு அந்தச் சக்தி போதாது. வெயிலும் நிழலும்தான் அவற்றுக்கு அடுப்பும் விசிறியும்.

அப்படிப்பட்ட பிராணியை ஒரே சூடாக உள்ள பெட்டியில் அடைத்தால் என்ன ஆகும்? சூடு குறைந்தால் தின்ற இரை செரிக்காது. சூடு மிகுந்தால் தப்பி ஓட இடம் இருக்காது. மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னொரு குறையும் உண்டு. சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்டால்தான் பல்லிகளுக்கும் ஆமைகளுக்கும் 'டி' வைட்டமின் கிடைத்து எலும்பு உறுதிப்படும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிர்களைத் தடுத்துவிடுகிறது. வெளிச்சம் இருந்தும், எலும்பு மெலிந்து பிராணி நோயில் விழுகிறது.

இந்தக் கஷ்டங்களையெல்லாம் தீர்க்க ஒரு புதிய வீடு கட்டத் துணிந்தார் ஜோன்.

நாடகக் கொட்டகை மாதிரி ஒரு மாளிகை

லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1849-லேயே ஊர்வன இல்லம் ஒன்று திறக்கப்பட்டிருந்தது. பொதுமக்கள் பார்ப்பதற்காக உலகில் ஏற்பட்ட முதல் ஊர்வன இல்லம் அதுதான். அந்தப் புகழ் பெற்ற இடத்துக்கு, ஜோனும் கை டாபர் என்ற கட்டடக் கலைஞரும் சேர்ந்து புதிய இல்லம் ஒன்றைத் திட்டமிட்டார்கள். 1927-ல் அது திறக்கப்பட்டது.

உள்ளே போனவர்கள் அசந்துபோனார்கள். ஜனங்கள் நடக்கும் பாதை இருட்டாக இருந்தது. கூண்டுகளில் மட்டும் மேலிருந்து வெளிச்சம் விழுந்தது. நாடகக் கொட்டகையில் நாம் இருட்டில் உட்கார்ந்து, விளக்கு எரியும் மேடையைப் பார்க்கிறோம் அல்லவா? அதே முறைதான்! கண்ணாடியில் நம் முகம் தெரியாமல், உள்ளே இருக்கும் பாம்பு தெளிவாகத் தெரிந்தது.

கூண்டுகளில் மின்சாரத்தால் சூடேற்ற ஏற்பாடு செய்தார். கூண்டு முழுவதும் ஒரே சூடு அல்ல. ஒரு பக்கம் வெதுவெதுப்பு. இன்னொரு பக்கம் குளிர்ச்சி. எங்கே படுக்க வேண்டும் என்பதைப் பாம்பே முடிவு செய்துகொள்ளலாம்! புற ஊதாக் கதிர்களை உள்ளே விடக்கூடிய வைட்டா என்ற புதுவகைக் கண்ணாடியையும் பயன்படுத்தினார். அந்தக் கண்ணாடியின் சக்தி நாளாக நாளாகக் குறையும் என்பது பிறகு தெரிந்தது. இப்போது அதற்கென்றே தனி விளக்குகள் வந்துவிட்டன. ஆனால் வழி ஜோன் காட்டியதுதான்.

அலங்காரத்திலும் அவர் கை தேர்ந்தவர். 1924-ல் திறந்த மீன் காட்சி சாலையின் தொட்டிகளில் பாறைகளை அமைக்கும் திட்டமும் அவருடையதே. ஊர்வன இல்லத்தில், நாடகங்களுக்குச் சீன் எழுதும் ஓவியரைக் கொண்டு கூண்டுகளின் பின்சுவரில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டச் செய்தார்.

வீட்டில் செய்த கூண்டுக்கும் இதே சட்டம்

மேல்நாடுகளில் பல வீடுகளில் பலகையும் கண்ணாடியும் வைத்துத் தாங்களே கூடு செய்து ஊர்வனவற்றை வளர்க்கிறார்கள். அந்தச் சின்னக் கூட்டுக்கும் ஜோனின் முறைதான் அடிப்படை. விளக்கை ஒரு ஓரத்தில் வைக்க வேண்டும். மறு ஓரம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். விளக்கு உடம்பில் பட்டுச் சுடாதபடி வலையடித்து மறைக்க வேண்டும். உள்ளே வைக்கும் கல் சரிந்து விழாமல் ஊன்றியிருக்க வேண்டும். சொரசொரப்பான கல்லில் உரசித்தான் பாம்பு சட்டை உரிக்கும். மரப்பட்டை வளைவு ஒளிந்துகொள்ள உதவும். நம் கண்ணுக்கு அழகாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளே இருப்பதற்கு உபயோகப்பட வேண்டும். நம் நாட்டில் நட்சத்திர ஆமை, உடும்பு, மலைப்பாம்பு முதலியவற்றைப் பிடித்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

டிராகனோடு உலா

புது வீடு திறந்த அதே 1927-ல் விசித்திரமான விருந்தாளிகள் இரண்டு வந்து சேர்ந்தன. இந்தோனேசியத் தீவுகளில் வாழும் கொமோடோ டிராகன்கள் அவை. உலகிலேயே மிகப் பெரிய பல்லி இனம். 10 அடி நீளம் வரை வளரும். 1912-ல்தான் விஞ்ஞான உலகம் அதற்குப் பெயரிட்டது. மூர்க்கமான மிருகம் என்று எல்லோரும் நடுங்கினார்கள்.

வந்தவற்றில் ஒன்றின் பெயர் சும்பாவா. ஜோன் அதைத் தாமே கவனித்துப் பழக்கினார். வாலைப் பிடித்துத் திசை திருப்பியபடி தோட்டத்தில் உலாவ அழைத்துப் போனார். 1928 அக்டோபர் 23-ல் விலங்கியல் கழகக் கூட்டத்துக்கே அதைக் கொண்டுபோனார். கோழியையும் முட்டையையும் புறாவையும் அது அவர் கையால் வாங்கித் தின்றது. அறிஞர்கள் வாயடைத்துப் போனார்கள். கொமோடோ டிராகனின் கடியில் நஞ்சு உண்டு என்று 2009-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். ஆகவே ஜோனுடைய துணிச்சலை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அவருடைய பொறுமையை வியக்காமல் இருக்க முடியாது.

நோயுற்ற பிராணிகளுக்கு அவரே சிகிச்சை செய்தார். முதலைக்கும் மலைப்பாம்புக்கும் கூட அறுவை சிகிச்சை செய்தார். அவருடைய சொந்த நோயோ தீரவே இல்லை. கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து மிருகக்காட்சி சாலையைச் சுற்றி வந்தார். சில சமயம் நாற்காலிக்கு முன்னே சும்பாவா அசைந்து அசைந்து நடந்து போகும்!

1931-ல் சிகாகோ சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. கல்லூரிக்குப் போக முடியாத பெண்ணைத் தேடி வந்த பட்டம்! அதே ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி ஜோன் பிராக்டர் காலமானார்.

அவர் திட்டமிட்ட இல்லம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பயன்பட்டது. 2024-ல்தான் லண்டனில் வேறு புதிய இல்லம் திறந்தார்கள். அங்கும் ஒரு பக்கம் வெதுவெதுப்பு, ஒரு பக்கம் குளிர்ச்சி என்ற ஏற்பாடு இருக்கிறது. சுகமாகப் படுக்க ஓர் இடம் வேண்டும் என்பதன் அருமை, நாள் தவறாமல் வலியோடு வாழ்ந்த அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.