காமா பயில்வான்

காமா பயில்வான் (1878 - 1960) பிரித்தானிய இந்தியாவைச் சேர்ந்த புகழ்பெற்ற மற்போர் வீரர் ஆவார். இவரது இயற்பெயர் குலாம் முகமது. 1910 செப்டம்பர் 10 அன்று இலண்டனில் போலந்து வீரர் சிபிசுகோவுடன் மோதினார். சிபிசுகோ பெரும்பகுதி நேரம் தரையோடு ஒட்டிக் கிடந்து தற்காத்துக் கொண்டதால், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீடித்த போட்டி சமநிலையில் முடிந்தது. செப்டம்பர் 17 அன்று நடக்கவிருந்த மறுபோட்டிக்குச் சிபிசுகோ வரவில்லை. எனவே காமா வென்றவராக அறிவிக்கப்பட்டு, 'சான் புல்' பட்டத்துக்குரிய இடைக்கச்சையைப் பெற்றார். எனினும் எதிராளியை வீழ்த்தாமல் பெற்ற வெற்றி என்ற குறை இருந்தது. 1928 சனவரியில் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதினர். அப்போது இருவருமே ஐம்பது வயதை நெருங்கியிருந்தனர். ஒரு நிமிடத்திற்குள் சிபிசுகோவை வீழ்த்திய காமா, பதினெட்டு ஆண்டுக் குறையை நீக்கினார். இந்தியப் பிரிவினைக்குப் பின் பாக்கித்தானில் வாழ்ந்த இவர், 1960இல் லாகூரில் காலமானார்.