ஜகதீஷ் சந்திர போஸ் (1858 - 1937)



கணனியின் முன் அமர்ந்தபடியே அடுத்த அறையிலுள்ள மின்குமிழை எரியவும் அணையவும் செய்யலாம். கம்பியில்லா ரிலே பலகை என்னும் சிறு சாதனம் இதற்கு உதவுகிறது. இதன் அடிப்படையை 19ஆம் நூற்றாண்டிலேயே கல்கத்தாவில் செய்துகாட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

இளமையும் கல்வியும்

இவர் 1858 நவம்பர் 30ஆம் திகதி வங்காளத்தில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஓர் அரச அதிகாரி. பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்புவதே அக்காலப் பெருமை. அவரோ மகனைத் தாய்மொழிப் பாடசாலையில் சேர்த்தார். மீனவர் ஒருவரின் மகனும் அங்கு இவரோடு கூடப் படித்தான். வாவிக்கரையில் தமிழ்மொழி மூலம் கற்கும் செட்டிபாளையம் மாணவர்களாகிய நீங்கள் இதைக் கவனத்திற் கொள்ளுங்கள்.

பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்கச் சென்றார். உடல்நலக் குறைவால் அதைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் பயின்று 1884இல் பட்டம் பெற்றார்.

சம்பளம் வாங்காத ஆசிரியர்

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் ஆசிரியரானார். ஐரோப்பியருக்குக் கொடுத்ததிலும் குறைந்த சம்பளமே இவருக்குத் தரப்பட்டது. வீட்டிலோ தந்தையின் கடன் சுமை. ஆயினும் இவர் வேலையை விடவில்லை. குறைந்த சம்பளத்தைத் தொடவுமில்லை. மூன்று ஆண்டுகள் சம்பளமின்றியே கற்பித்தார். இறுதியில் அரசு இணங்கி, முழுச் சம்பளத்தையும் நிலுவையுடன் வழங்கியது.

கம்பியின்றி ஒலித்த மணி

வசதியற்ற ஒரு சிறு அறையில் மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அனைவரும் காண அந்த அலைகளைச் செலுத்தினார். அவை சுவர்களைக் கடந்து, சுமார் 75 அடி தூரத்தில் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்தன.

இது எவ்வாறு நடந்தது? மென்மையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத் துண்டுகளால் ஆனது உணர்கருவி. அலை பட்டதும் அதன் மின்தடை குறைந்து சிறு மின்னோட்டம் பாயும். அம்மின்னோட்டம் ரிலேயின் மின்காந்தத்தை இயக்கும். அது ஆளியை மூட, மற்றொரு சுற்றில் பெரிய மின்னோட்டம் பாயும். இன்றைய ரிலே பலகையிலும் சிறிய மின்னோட்டம் பெரியதை ஆள்கிறது. எனவே பலகையைத் தெரிவு செய்யும்போது, ரிலேயின் தொடுகை தாங்கக்கூடிய வோல்ற்றளவையும் அம்பியரையும் முதலில் பார்க்கவேண்டும். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று ஆகையால், பெரியோர் துணையின்றித் தொடுதல் ஆகாது.

பொருளா, அறிவா?

ஆக்கவுரிமை பெற்றுப் பணம் சேர்க்க இவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1904இல் அமெரிக்காவில் ஓர் ஆக்கவுரிமை கிடைத்தது. அதையும் இவர் வருமானமாக்கவில்லை. 1909இல் கம்பியில்லாத் தந்திக்கான நோபல் பரிசு மார்க்கோணிக்கும் பிரவுனுக்கும் சென்றது. இவர் தாவரங்களின் உணர்வை ஆராய்வதில் ஈடுபட்டார். 1917இல் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1937 நவம்பர் 23இல் காலமானார்.

பரீட்சைக் குறிப்பு: வானொலியைக் கண்டுபிடித்தவர் போஸ் மட்டுமே என எழுதாதீர்கள். ஹேட்ஸ், லொட்ஜ், மார்க்கோணி ஆகியோருக்கும் அதில் பங்குண்டு. அவரவர் செய்ததை அவரவர் பெயரில் எழுதுவதே சரியான விடை.

பயிற்சி வினாக்கள்
1. போஸ் மூன்று ஆண்டுகள் சம்பளம் பெறாததன் காரணம் யாது?
2. 1895ஆம் ஆண்டுச் செய்துகாட்டலில் ரிலேயின் பணியை விளக்குக.
3. ஆக்கவுரிமை பற்றிய போஸின் நிலைப்பாட்டை நீர் ஏற்கிறீரா? காரணம் தருக.