நம்ம ஊர் ராஜபார்ட் பி. யு. சின்னப்பா

மலர்க் குழு நண்பர்கள் இந்த முறை இசையைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மேல்நாட்டு ஓபெரா பற்றி மாணவர்கள் கேட்கிற சந்தேகங்களுக்கு விளக்கம் சொல்வதாக இருந்தால் நல்லது என்றும் ஒரு யோசனை வந்தது. ஓபெரா என்றால் என்ன? ஏன் பேசாமல் பாடிக்கொண்டே இருக்கிறார்கள்? மைக் இல்லாமல் எப்படி அவ்வளவு பெரிய அரங்கில் கேட்கிறது? பாஷை புரியாதவன் எப்படி ரசிப்பது? இவையெல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லக்கூடிய ஒரு வாழ்க்கை நம்ம ஊரிலேயே பிறந்து, நம்ம ஊரிலேயே முடிந்திருக்கிறது. இத்தாலிக்குப் போவதற்கு முன் அந்த வீட்டு வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம் என்று எனக்குத் தோன்றியது.

புதுக்கோட்டை உலகநாதன் சின்னப்பா, சுருக்கமாகப் பி. யு. சின்னப்பா, 1916ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி இங்கே பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சின்னசாமி. அப்பா உலகநாத பிள்ளை மேடை நடிகர். வீட்டில் சாப்பாட்டுக்கு வழி நாடகம், பொழுதுபோக்கும் நாடகம். பையன் ஐந்து வயதிலேயே மேடை ஏறிவிட்டான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய சதாரம் நாடகத்தில் குட்டித் திருடன் வேஷம். கைதட்டலும் கிடைத்தது. அதோடு பள்ளிப் படிப்பின் கதை ஏறக்குறைய முடிந்தது.

சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர், தாளத்தையும் சந்தத்தையும் தேடி வந்து சேர்ந்த ஊர் நம் புதுக்கோட்டை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையிடம் தங்கிக் கற்றார். பிள்ளை அவரைத் தம் சொந்த மகனைப் போல வைத்துக்கொண்டார். பிற்பாடு அந்தத் தாளக்கட்டு முழுவதும் சுவாமிகளின் நாடகப் பாட்டுகளில் இறங்கியது. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் உருவானார்கள். பின்னால் நம் சின்னப்பாவும் அதே சபையில் சிறிது காலம் இருந்தார்.

இப்போது ஓபெராவுக்கு வருகிறேன். 1600ஐ ஒட்டிய வருஷங்களில் பிளாரன்ஸ் நகரத்து அறிஞர்கள் சிலர், பழைய கிரேக்க நாடகங்களை மறுபடி உயிர்ப்பிக்க நினைத்தார்கள். கிரேக்கர்கள் நாடகத்தைப் பாடியே நடத்தினார்கள் என்பது அவர்கள் எண்ணம். அந்த முயற்சியில் பிறந்ததுதான் ஓபெரா. மான்டிவெர்டியின் ஓர்பியோ 1607இல் அரங்கேறியது. கதையை நகர்த்துவதற்குப் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு நடை. மனசு பொங்குகிற இடத்தில் நிறுத்தி ஒரு முழுப் பாட்டு. நம்ம ராஜபார்ட் விருத்தத்தை இழுத்துப் பாடி நிலைமையைச் சொல்லிவிட்டுக் கீர்த்தனைக்குள் நுழைகிறாரே, அதுவும் கிட்டத்தட்ட இதுதான். பாஷை புரியாதவர்களுக்காக மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பைக் காட்டுகிற வழக்கம் 1983இல் கனடாவின் டொரன்டோவில் ஆரம்பித்தது. நம்ம கிராமத்து ஜனங்களுக்கு அது தேவைப்படவில்லை. வள்ளி கதையும் கோவலன் கதையும் தெரியாதவர் யார்? கதை தெரிந்தவன் பாடுகிற விதத்தைத்தான் கேட்க வருகிறான். மிலானிலும் அப்படித்தான், இலுப்பூரிலும் அப்படித்தான்.

சின்னப்பா அடுத்துச் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. நிர்வாகம் சச்சிதானந்தம் பிள்ளை. ஆரம்பச் சம்பளம் மாதம் 15 ரூபாய் என்பார்கள். ஒருநாள் பையன் தனியாக உட்கார்ந்து எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்ததை முதலாளி கேட்டுவிட்டாராம். சம்பளம் 75 ரூபாய் ஆயிற்று, வேஷம் ராஜபார்ட் ஆயிற்று. அதே கம்பெனியில் அவருக்கு ஜோடியாக ஸ்திரீபார்ட் வேஷம் கட்டிய ஒரு பையன் பின்னாளில் இந்த மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். எம்.ஜி.ஆர். அவர்களைத்தான் சொல்கிறேன்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை விளையாட்டு இல்லை. பகலில் பாடம், பாட்டு, தாளம், குஸ்தி, ராத்திரி நாடகம். மைக் கிடையாது. கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டும். அதனால் நாலு கட்டை, ஐந்து கட்டை சுருதியில் பாடினார்கள். உயர்ந்த சுருதி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஓபெராக்காரர்கள் கத்துகிறார்களே என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். அறுபது எழுபது பேர் வாத்தியம் வாசிக்கும்போது, மைக் இல்லாமல் மூவாயிரம் பேருக்குக் கேட்க வேண்டுமானால் குரலை அப்படித்தான் பழக்க வேண்டும். அது கத்தல் இல்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சை அளந்து விடுகிற வித்தை.

ஆனால் பையன்களை வைத்து நடத்துகிற கம்பெனியில் ஒரு கத்தி எப்போதும் தலைக்கு மேல் தொங்கும். அதற்கு மகரக்கட்டு என்று பெயர். பதிமூன்று பதினாலு வயதில் குரல் உடையும். நேற்று வரை குயில், இன்று காலையில் தகரம். முதலாளிக்கு வேறு பையன் கிடைப்பான், உடைந்தவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சில பேருக்கு அதற்கப்புறம் பாட்டே வராது. இத்தாலியில் இந்த இடத்தில் செய்ததை எழுதவே கை கூசுகிறது. நல்ல குரல் உள்ள சிறுவர்களுக்கு வயது வருமுன் காயடித்து, குரல் உடையாமலே தடுத்துவிட்டார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவின் பெரிய ஓபெரா நட்சத்திரங்களில் பலர் அப்படி ஆனவர்கள்தான். அந்த வரிசையில் கடைசியாகப் பேர் சொல்லப்படும் மொரெஸ்கி 1922இல் இறந்தார். நம் சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்ததும் அதே 1922தான்.

சின்னப்பாவுக்கும் மகரக்கட்டு வந்தது. குரல் போயிற்று, கம்பெனியை விட்டு வெளியேறினார். என்னைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். பிற்காலத்துப் பெருமைகளை எல்லாரும் எழுதிவிட்டார்கள். வேலை போய் ஊருக்குத் திரும்பிய அந்தப் பையனைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. அவர் குரலுக்காகக் காத்துக்கொண்டு சும்மா உட்காரவில்லை. குருமார்களை அண்டிக் கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்றார். திருவையாறு சுந்தரேச பாகவதரும் காரைநகர் வேதாசல பாகவதரும் அவருக்குப் பாடம் சொன்னவர்கள். கூடவே சிலம்பம், எடை தூக்குதல் என்று உடம்பையும் கட்டினார். குரல் திரும்பி வந்தபோது அது பழைய பால்குரல் இல்லை. கனமும் அழுத்தமும் உள்ள ஆண் குரல். இந்தக் குரலை ஒருத்தர் கொடுத்தார் என்று சொல்ல முடியாது, அவரே கட்டிக்கொண்டது. அதன் பிறகு கச்சேரி செய்தார், ஸ்பெஷல் நாடகங்களில் நடித்தார்.

சினிமா அவரை முதலில் அழைத்தது 1936இல், சந்திரகாந்தா படத்துக்கு. தொடர்ந்து ராஜமோகன், பஞ்சாப் கேசரி, யயாதி, மாத்ருபூமி என்று படங்கள் வந்தன. பிறகு ஒரு தொய்வு. கையில் படம் இல்லாமல் மறுபடியும் புதுக்கோட்டைக்கே வந்துவிட்டார். அப்போது சாமியாராகப் போய்விடலாம் என்று நினைத்து மௌன விரதம் இருந்தார் என்று சொல்வதுண்டு. பாடிப் பிழைத்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உள்ளே என்ன ஓடியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அவரைத் தேடிக் கண்டெடுத்தார். 1940இல் உத்தமபுத்திரன். அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதை. தமிழில் ஒருவரே இரட்டை வேடத்தில் நடித்த முதல் படம். மேடையில் வெவ்வேறு ராத்திரிகளில் நல்லவனாகவும் கெட்டவனாகவும் வந்து பழகியவருக்கு, ஒரே படத்தில் இரண்டும் செய்வது கஷ்டமாக இருந்திருக்காது. பிறகு ஆரியமாலா (1941), கண்ணகி (1942), மனோன்மணி (1942), குபேர குசேலா (1943). கண்ணகியில் அவர் கோவலன், பி. கண்ணாம்பா கண்ணகி. மனோன்மணியோ நாம் பாடப்புத்தகத்தில் படித்த சுந்தரம் பிள்ளையின் நாடகம்தான். படிப்பதற்கு மட்டுமே ஆகும் என்று பண்டிதர்கள் ஒதுக்கி வைத்திருந்ததை இவர்கள் திரையில் ஓட வைத்தார்கள்.

ஜகதலப்பிரதாபன் (1944) பார்க்காதவர்கள் அந்த ஒரு காட்சிக்காகவாவது பாருங்கள். ஒரே மேடையில் பாடுகிறவரும் சின்னப்பா, பக்கவாத்தியம் வாசிக்கிற ஒவ்வொருவரும் சின்னப்பா. கம்ப்யூட்டர் இல்லாத காலம். கேமராவுக்கு முன்னால் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக மறைத்து எடுக்க வேண்டும், தாளம் இம்மி பிசகக் கூடாது. திருவிளையாடலில் (1965) சிவாஜி செய்ததைப் பார்த்து வியந்தவர்கள், அதற்கு 21 வருஷம் முன்பே நம்ம ஊர்க்காரர் செய்ததையும் பார்க்க வேண்டும். வாசிப்பது போல நடிப்பவனின் கை பொய் சொல்லும். சின்னப்பாவின் கை தாளம் தெரிந்த கை.

அந்தக் காலத்தில் தமிழ்நாடே பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நின்றது. எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலில் இருந்த இழைப்பு சின்னப்பாவிடம் இல்லை. அதை ஒத்துக்கொள்வதில் நமக்குக் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. ஆனால் பாடி முடித்த கையோடு வாளை உருவிச் சண்டை போடவும், அடுத்த காட்சியில் வில்லனாக மிரட்டவும் இவரால் முடிந்தது. பாகவதர் நின்று பாடினால் கண்ணை மூடிக் கேட்கலாம். சின்னப்பா பாடும்போது கண்ணை மூடினால் நஷ்டம். பாட்டும் நடிப்பும் ஒரே உடம்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதானே ஓபெராக்காரர்களும் கேட்பது!

பிருதிவிராஜன் (1942) படத்தில் தம்முடன் நடித்த ஏ. சகுந்தலாவை 1944இல் மணந்துகொண்டார். சம்பாதித்ததை எல்லாம் புதுக்கோட்டையிலேயே வீடுகளாக வாங்கிப் போட்டார். நூற்றுக்கு மேல் வீடுகள் ஆகி, இனி இவருக்கு வீடு விற்கக் கூடாது என்று சமஸ்தானத்திலேயே உத்தரவு போட்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு இந்த வீட்டுக் கதை ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. எனக்கு அதில் சின்ன வருத்தம் உண்டு. 15 ரூபாய் சம்பளத்தில் கொட்டகைத் தரையில் படுத்துத் தூங்கிய பையன் வீடு வாங்கினான் என்றால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

1949இல் மங்கையர்க்கரசி படத்தில் மூன்று வேஷம். அதே ஆண்டு ரத்னகுமாரில் இவர் கதாநாயகன், எம்.ஜி.ஆர். சின்ன வேஷம். அதற்குள் சினிமா மாறிக்கொண்டிருந்தது. ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைக்கலாம் என்று ஆகிவிட்டது. பாடத் தெரியாதவரும் கதாநாயகன் ஆகலாம். சின்னப்பா மட்டும் கடைசி வரை தம் பாட்டைத் தாமே பாடினார்.

1951ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி, புதுக்கோட்டையில், ரத்த வாந்தி எடுத்துத் திடீரென்று காலமானார். வயது 35. எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் போனபோது 27. இந்த மேடைக்காரர்கள் ஏன்தான் இப்படி அவசரப்பட்டார்களோ! சின்னப்பா நடித்து முடித்த சுதர்சன் அவர் போன பிறகு, அதே வருஷக் கடைசியில்தான் வெளிவந்தது.

மாணவர்களுக்கு ஒன்று. ஓபெரா பார்க்க ஐரோப்பாவுக்கு டிக்கெட் கிடைக்கிறபோது தாராளமாகப் போங்கள். அதுவரை, நம் மாவட்டத்தில் பங்குனி, சித்திரை மாதங்களில் கோயில் திருவிழா நடக்கிற எந்தக் கிராமத்துக்காவது ராத்திரி பத்து மணிக்கு மேல் போய் உட்காருங்கள். ஸ்பெஷல் நாடகம் நடக்கும். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்தும் வந்திருப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஹார்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் சுவாமிகளின் வள்ளி திருமணம் ஆரம்பிக்கும். இப்போது மைக் உண்டு. முன்வரிசையில் பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் சின்னப்பா பெயரைச் சொல்லிப் பாருங்கள், விடியும் வரை பேசுவார்கள்.