ஆறு புள்ளிகளில் அறிவைக் கொடுத்த லூயி பிரெயில்

கண் தெரியாதவர்களும் இன்று புத்தகம் படிக்கிறார்கள். விரலால் படிக்கிறார்கள்! தாளில் புடைத்து நிற்கும் புள்ளிகளை விரல் நுனியால் தடவிக் கதை படிக்கிறார்கள், கணக்குப் போடுகிறார்கள், பரீட்சை எழுதிப் பட்டமும் பெறுகிறார்கள்.

இந்தப் புள்ளி எழுத்தைக் கண்டுபிடித்தவர், லூயி பிரெயில். பிரான்சு நாட்டுக்காரர்.

அவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அல்ல. மூன்று வயது வரை எல்லாக் குழந்தைகளையும் போல நன்றாகப் பார்த்தவர்.

ஒரு நாள், அவருடைய ஒரு கண்ணில் காயம் பட்டது. ஆனால் பார்வை போனதோ இரண்டு கண்களிலும்!

அது எப்படி?

சேணம் தைப்பவர் மகன்

பிரான்சின் தலைநகரம் பாரிஸ். அதற்குக் கிழக்கே சுமார் 25 மைல் தூரத்தில் கூவ்ரே என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரில் 1809-ம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி லூயி பிறந்தார்.

தந்தை பெயர், சீமோன் ரெனே பிரெயில். தாயார், மோனிக். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள். லூயிதான் கடைக்குட்டி.

தந்தைக்குத் தோல் தொழில். குதிரைகளுக்குச் சேணமும், கடிவாள வாரும் தைத்துக் கொடுப்பார். அந்தக் காலத்தில் வண்டி இழுக்கவும், ஏர் உழவும் குதிரைதான். ஆகவே தொழிலுக்குக் குறைவில்லை. வீட்டை ஒட்டியே பட்டறை இருந்தது.

பட்டறையில் கத்தி, குத்தூசி, சுத்தியல் எல்லாம் இருக்கும். குழந்தை லூயிக்கு அவற்றின் மேல் ஆசை. அப்பா செய்வதைப் போலத் தானும் செய்யவேண்டும் என்று துடிப்பான்.

குத்தூசி பாய்ந்தது

1812-ம் ஆண்டு. லூயிக்கு வயது மூன்று.

பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, ஒரு தோல் துண்டையும் குத்தூசியையும் கையில் எடுத்தான். தோலில் துளை போட முயன்றான். நன்றாகப் பார்த்துக் குத்துவதற்காக முகத்தைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, பலமாக அழுத்தினான்.

தோல் வழுக்கியது. குத்தூசி நழுவி, குழந்தையின் ஒரு கண்ணில் பாய்ந்துவிட்டது!

பெற்றோர் பதறிப்போனார்கள். உள்ளூர் டாக்டர் கண்ணுக்குக் கட்டுப் போட்டார். பாரிஸ் நகரத்து மருத்துவரிடமும் காட்டினார்கள். பலன் இல்லை.

அது 1812. கிருமிகள்தான் புண்ணைச் சீழ் பிடிக்கச் செய்கின்றன என்பது அப்போது டாக்டர்களுக்கே தெரியாது. அதை உலகுக்கு எடுத்துக் காட்டிய லூயி பாஸ்டர் பிறந்ததே 1822-ல்தான். மயக்க மருந்தும் அப்போது கிடையாது. கண்ணுக்குள் பட்ட காயத்தை நுண்ணிய ஊசியால் தைத்து மூடும் வித்தையும் கிடையாது.

காயம் பட்ட கண் சிவந்தது; வீங்கியது; பார்வை மங்கியது.

பிறகுதான் பெரிய இடி விழுந்தது. காயமே படாத மற்றொரு கண்ணும் சிவந்தது! நாளாக ஆக அதிலும் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஐந்து வயதில் லூயிக்கு இரண்டு கண்களும் முழுக்க இருண்டுவிட்டன.

மறு கண் கெட்டது ஏன்?

இன்றைய கண் மருத்துவர்கள் இதற்குக் காரணம் கூறுகிறார்கள்.

கண்ணின் உள்ளே ஒரு நிறப்படலம் இருக்கிறது. அதில் ரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கும். கண்ணாடியில் பார்த்தால் பாவையைச் சுற்றிக் கறுப்பாகவோ பழுப்பாகவோ வட்டமாகத் தெரிகிறதே, அது இந்தப் படலத்தின் முன்பகுதிதான். மற்றப் பகுதி கண்ணுக்குள் பின்புறம் வரை பரவியிருக்கிறது.

நம் உடம்பில் ஒரு காவல் படை உண்டு. வெளியில் இருந்து வரும் கிருமிகளை எதிர்த்துப் போராடுவது அதன் வேலை. கண்ணுக்குள் இருக்கும் சில பொருள்களை இந்தக் காவல் படை சாதாரணமாகச் சந்திப்பதே இல்லை. கண்ணை ஊசியோ, கம்பியோ துளைத்துவிட்டால், உள்ளே இருக்கும் பொருள்கள் வெளிப்படுகின்றன. காவல் படை அவற்றை அன்னியர் என்று எண்ணிக்கொள்கிறது. தாக்கத் தொடங்குகிறது.

அதே பொருள்கள் மறு கண்ணிலும் இருக்கின்றன அல்லவா? காவல் படை அங்கேயும் போய்த் தாக்குகிறது. ஒரு பாவமும் அறியாத கண்ணும் வெந்து போகிறது!

இதற்கு சிம்பதெட்டிக் ஆப்தால்மியா என்று பெயர். ஒரு கண்ணின் துன்பத்தில் மறு கண்ணும் பங்கு கொள்வது என்று பொருள். லூயியின் பார்வையைப் பறித்தது இந்த நோய்தான் என்பது மருத்துவர்களின் கருத்து.

பெரும்பாலும் காயம் பட்ட இரண்டு வாரத்தில் இருந்து மூன்று மாதத்துக்குள் இந்த நோய் வரும். அபூர்வமாகப் பல ஆண்டுகள் கழித்தும் வருவது உண்டு. இன்று இது மிகவும் அரிய நோய் ஆகிவிட்டது. காயத்தை உடனே தைத்து மூடிவிடுவதும், 1950-ஐ ஒட்டிப் பழக்கத்துக்கு வந்த ஸ்டீராய்டு மருந்துகளும் அதற்குக் காரணம். இந்த மருந்துகள் காவல் படையின் மூர்க்கத்தை அடக்குகின்றன.

வேறு காரணங்கள்

கண்ணின் உள்ளே அழற்சி ஏற்படக் காயம் மட்டுமே காரணம் அல்ல. அழற்சி என்றால் சிவந்து, வீங்கி, வலிப்பது.

காச நோய், மேகப் புண் நோய், அக்கி போன்றவற்றின் கிருமிகள் கண்ணுக்குள்ளும் புகலாம். முதுகெலும்பு, மூட்டு ஆகியவற்றைத் தாக்கும் சிலவகை வாத நோய்களும் கண்ணைத் தாக்கும். 1993-ல் மதுரைப் பகுதியில் பெருமழையும் வெள்ளமும் வந்தபின் பலருக்குக் கண்ணின் உள்ளே அழற்சி ஏற்பட்டது. ஆராய்ந்து பார்த்ததில், எலிக் காய்ச்சல் கிருமிதான் காரணம் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் அந்தக் கிருமி இருக்கும்.

காரணமே புலப்படாமல் வருவதும் உண்டு.

கண் சிவப்பது, வலிப்பது, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவது, பார்வை மங்குவது, கண் முன் கரும்புள்ளிகள் மிதப்பது ஆகியவை அடையாளங்கள். மெட்ராஸ் ஐ என்று சொல்கிறோமே, அது கண்ணின் மேல் தோலில் வருவது. அதில் பீளை தள்ளும், உறுத்தும், பெரும்பாலும் சில நாட்களில் குணம் ஆகிவிடும். உள்ளே வரும் அழற்சியில் பீளை அதிகம் இருக்காது. வலியும் கூச்சமும்தான் அதிகம். சில குழந்தைகளுக்குச் சிவப்போ வலியோ இல்லாமலே உள்ளுக்குள் இது வளர்வதும் உண்டு.

அசட்டையாக விட்டால் கண்ணில் புரை விழும். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கெடும். உள்ளே இருக்கும் விழித்திரை வீங்கும். சில சமயம் பிய்ந்துகொள்ளும். கடைசியில் கண்ணே சுருங்கிப் போகும்.

கண்ணில் காயம் பட்டால் கசக்கக்கூடாது. குத்திய பொருள் உள்ளே நின்றால் பிடுங்கக்கூடாது. தாய்ப்பால், பச்சிலைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் விடக்கூடாது. கண்ணை அழுத்தாதபடி ஒரு சிறு கிண்ணத்தால் மூடிக்கொண்டு, உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். லூயியின் பெற்றோருக்குக் கிடைக்காத வைத்தியம் இன்று கிடைக்கிறது.

பள்ளிக்கூடம் போனான்

கண் போன பிள்ளைகள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் பிச்சை எடுத்துத்தான் பிழைத்தார்கள். லூயியின் பெற்றோர் மகனை அப்படி விடவில்லை. தந்தை கைத்தடி செய்து கொடுத்தார். தடியைத் தட்டித் தட்டி, லூயி ஊரெல்லாம் தனியாக நடக்கப் பழகினான்.

ஊர்ப் பாதிரியார் பல்லுயி அவனுக்குப் பாடம் சொன்னார். பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். காதால் கேட்டே பாடத்தை மனதில் பதித்துக்கொண்டான். ஆனால் மற்றப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தால், லூயி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பாரிஸ் நகரில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு என்று ஒரு பள்ளி இருந்தது. வாலண்டின் ஹாயி என்பவர் 1785-ல் தொடங்கியது. 1819-ல், பத்து வயதில், லூயி அங்கே சேர்ந்தான்.

பழைய கட்டிடம். எங்கும் ஈரம், காற்றோட்டம் இல்லை. ஆனாலும் அங்கே புத்தகம் இருந்தது! சாதாரண எழுத்துகளையே பெரிதாக, புடைப்பாக அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படிக்கவேண்டும். ஒரு வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். புத்தகமோ பாறாங்கல் மாதிரி கனக்கும். அதிலும் சில புத்தகங்கள்தான் இருந்தன.

இன்னொரு குறை. படிக்கலாம், எழுத முடியாது.

பன்னிரண்டு, ஆறு ஆனது

1821-ல் சார்லஸ் பார்பியே என்பவர் உருவாக்கிய ஒரு புது எழுத்து முறை அந்தப் பள்ளிக்கு வந்தது. பார்பியே, பட்டாளத்தில் இருந்தவர். இருட்டில், விளக்கு இல்லாமல் படிக்கக்கூடிய புள்ளி எழுத்து அது.

லூயிக்கு அப்போது 12 வயது. புள்ளியை விரல் எளிதில் உணர்கிறது என்பதை உடனே புரிந்துகொண்டான். ஆனால் அந்த முறையில் குறைகளும் இருந்தன. ஓர் எழுத்துக்கு 12 புள்ளிகள் வரை வரும். ஒரே தடவலில் விரல் நுனிக்குள் அடங்காது. சொற்களை ஒலிப்படிதான் எழுதலாம். சரியான எழுத்துக் கூட்டிக் காட்ட முடியாது.

பகலில் பாடம். இரவில் மற்றவர்கள் தூங்கிய பிறகு லூயி தாளும் ஊசியுமாக உட்கார்ந்துவிடுவான். விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் அதே வேலைதான். மூன்று ஆண்டுகள் பாடுபட்டான்.

1824-ல், 15 வயதில், வெற்றி கிடைத்தது!

பன்னிரண்டு புள்ளிகளை ஆறாகக் குறைத்துவிட்டான். இரண்டு வரிசை; வரிசைக்கு மூன்று புள்ளி. ஆறும் விரல் நுனிக்குள் அடங்கும். இந்த ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். எழுத்து, எண், நிறுத்தக் குறி, சங்கீத சுரம் எல்லாவற்றையும் எழுதலாம். எழுதவும் எளிது. ஒரு சட்டமும், கூர்மையான ஓர் ஊசியும் போதும்.

1829-ல் இந்த முறையை விளக்கிப் புத்தகம் வெளியிட்டார். 1837-ல் திருத்திய பதிப்பு வந்தது.

ஆசிரியர் ஆனார்

படித்த பள்ளியிலேயே லூயி ஆசிரியர் ஆனார். இலக்கணம், கணக்கு, பூகோளம், இசை ஆகியவற்றைக் கற்பித்தார். ஆர்கன் வாசிப்பதில் வல்லவர். பாரிஸ் நகர மாதா கோவில்களில் வாசித்து வந்தார்.

பிள்ளைகள் புள்ளி எழுத்தைப் பிரியமாகக் கற்றார்கள். பெரியவர்கள்தான் எதிர்த்தார்கள். கண் உள்ளவர்களுக்குப் புரியாத எழுத்து எதற்கு என்பது அவர்கள் கேள்வி. 1840-ல் தலைமைப் பதவிக்கு வந்த தூஃபோ என்பவர், பள்ளியில் அந்த எழுத்துக்குத் தடை போட்டார்.

ஆனால் மாணவர்கள் விடவில்லை. மறைவாகப் புள்ளி குத்தி, ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள்.

1844-ல் பள்ளிக்குப் புதுக் கட்டிடம் திறந்தார்கள். விழாவில் பலர் முன்னிலையில் மாணவர்கள் பிரெயில் எழுத்தில் எழுதியும் படித்தும் காட்டினார்கள். கூட்டம் வியந்தது. தடை தளர்ந்தது.

இருமல் கொன்றது

லூயியின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. இருபத்தைந்து வயதைத் தாண்டியதும் காச நோய் பிடித்துக்கொண்டது. பல ஆண்டுகள் நோயுடன் போராடிக்கொண்டே பாடம் நடத்தினார்.

1852-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி காலமானார். 43-வது பிறந்த நாள் கழிந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854-ல், அவருடைய பள்ளி புள்ளி எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது. 1878-ல் பாரிசில் கூடிய சர்வதேச மாநாடு அதைப் பார்வையற்றோர் எழுத்தாக ஒப்புக்கொண்டது.

தமிழிலும் புள்ளி

இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக, பாரதி பிரெயில் என்ற முறை 1951-ல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தமிழும் அதில் அடங்கும். அ என்று எழுத ஒரே ஒரு புள்ளி போதும்: முதல் வரிசையின் மேல் புள்ளி. அதே வரிசையில் கீழ்ப் புள்ளியையும் சேர்த்தால் க.

பிரெயில் பிறந்த 200-வது ஆண்டான 2009-ல் இந்திய அரசு அவர் உருவத்துடன் 2 ரூபாய் நாணயம் வெளியிட்டது. அவருடைய பிறந்த நாளான ஜனவரி 4-ந் தேதியை 2019 முதல் ஐக்கிய நாடுகள் சபை உலக பிரெயில் தினமாகக் கொண்டாடுகிறது.

அவர் இறந்து நூறு ஆண்டு ஆனபோது, 1952-ல், பிரான்சு அரசு அவருடைய உடலைக் கூவ்ரே கல்லறையில் இருந்து எடுத்து, பாரிசுக்குக் கொண்டுசென்றது. நாட்டின் மாமனிதர்கள் உறங்கும் பாந்தியோன் மண்டபத்தில் அடக்கம் செய்தது. அந்த விழாவுக்கு ஹெலன் கெல்லரும் வந்திருந்தார்.

சொந்த ஊர் மக்களோ அவரை முழுவதும் விட்டுக் கொடுக்கவில்லை. அவருடைய கைகளை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். உலகத்துக்கு விரலால் படிக்கச் சொல்லிக் கொடுத்த அந்தக் கைகள், கூவ்ரே கல்லறையில் இருக்கின்றன.