காத்திருந்த குருவானவர்

இலங்கையின் அப்போஸ்தலர் என்று போற்றப்படும் யோசேவாஸ் அடிகளாரின் வரலாற்றைக் கேட்போர், கண்டியில் அவர் மன்றாட மழை பொழிந்த செய்தியிலேயே பெரும்பாலும் மனத்தைப் பறிகொடுத்து விடுகின்றனர். மழை பெய்தது ஒரு நாள். அதற்கு முன் அவர் காத்திருந்த காலமோ ஆண்டுக் கணக்கானது. அக்காத்திருப்பே அவர் வாழ்வின் உயிர்நாடி என்பது என் துணிபு.

1651 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள் கோவாவைச் சேர்ந்த பெனாலிம் என்னும் ஊரில், கொங்கணி பேசும் பிராமண மரபில் வந்த கிறிஸ்தவக் குடும்பமொன்றில் அடிகளார் பிறந்தார். 1676 இல் குருப்பட்டம் பெற்றார். அவர் சிறுவனாயிருந்த காலத்திலேயே இலங்கையின் கரையோரம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிவிட்டது. 1656 இல் கொழும்பு வீழ்ந்தது. 1658 இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று பறை சாற்றப்பட்டது. பலிபூசை காணாமலும் பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாமலும் ஒரு தலைமுறை வளர்ந்தது. முதியோர் தமக்கு நினைவிலிருந்த செபங்களைப் பிள்ளைகளுக்கு இரவில் இரகசியமாகச் சொல்லிக் கொடுத்தனர்.

இச்செய்தி அடிகளாரின் நெஞ்சைச் சுட்டது. இலங்கைக்குச் செல்ல அவர் அனுமதி கேட்டார். மேலிடத்தாரோ 1681 இல் அவரைக் கன்னடக் கரையோரப் பணிக்குத் தலைவராக அனுப்பினர். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. மூன்றாண்டுகள் அங்கே உழைத்துக் கோவாவுக்குத் திரும்பிய பின், 1685 இல் ஒரற்றோரியன் சபையிற் சேர்ந்தார். இலங்கைக் கனவு மட்டும் அவரை விட்டு அகலவில்லை. அடுத்த ஆண்டு புறப்பட அனுமதி கிடைத்தது. யோவான் என்னும் பணியாள் ஒருவரையே துணையாகக் கொண்டு தூத்துக்குடிக்கு வந்தார்.

குருவின் உடையில் ஒல்லாந்தர் காவலைக் கடத்தல் இயலாது. எனவே கூலியாளின் கந்தலை உடுத்திக்கொண்டு படகேறினார். கடலிலே புயல், உடலிலே நோய். மன்னாரைத் தொட்டு 1687 இல் யாழ்ப்பாணம் அடைந்தபோது வயிற்றுக்கடுப்பினால் நடக்கவும் வலுவற்றிருந்தார். நலமடைந்த பின் கழுத்திலே செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அம்மாலையைக் கண்டு எந்த வீட்டாரின் முகம் மலர்கின்றதென்று பார்ப்பதே அவர் கையாண்ட உபாயம். முப்பதாண்டு காத்திருந்த மக்களும் அவர்களைத் தேடி வந்த குருவும் சந்தித்தது இவ்வாறே.

மலையகத்து வாசகருக்கு இவ்விடத்தில் வேறொரு பயணம் நினைவிற்கு வராமற் போகாது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளின் பின், அதே கடலைத் தாண்டி, அதே கூலிக் கோலத்திலே, நம் முன்னோரிற் பலர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தனர். அவர்கள் வேடம் போடவில்லை என்பதே வேறுபாடு. ஓப்பநாயக்கவைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்வோருக்குக் காத்திருத்தலின் கசப்பை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவ்வூரில் முடிந்த களனிவெளிப் புகையிரதப் பாதை 1976 இல் கைவிடப்பட்டது. அதன்பின் அங்கே எந்த வண்டியும் வந்ததில்லை. 1948 இன் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட தோட்ட மக்களின் வழக்கு முற்றாகத் தீர 2003 வரை சென்றது. இத்தகையோரிடம் பொறுமையைப் போதிக்க வருவோர் முதலில் தம் நாவை அடக்கிக்கொள்ளுதல் நன்று. அடிகளாரின் பொறுமையோ வேறு வகையானது. தம் சபை மேலோரின் சொல்லுக்காகக் காத்திருந்த அவர், ஒல்லாந்தரின் இசைவுக்காக ஒரு நாளேனும் காத்திருந்தாரில்லை.

சில்லாலையில் மறைந்திருந்து இரவெல்லாம் பணியாற்றினார். ஒல்லாந்தர் ஐயுற்றுத் தேடவே, 1690 இல் கண்டியரசின் எல்லைக்குட்பட்ட புத்தளத்திற்குச் சென்றார். 1692 இல் தலைநகரை நோக்கி நடந்தார். அரசவையிற் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் இவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று கோள்மூட்டினார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஆணைப்படி அடிகளார் சிறை புகுந்தார்.

எத்தனையோ ஆண்டு ஏங்கி அடைந்த நாட்டில் நான்கு சுவர்களே அவருக்குக் கிடைத்தன. அவர் செய்ததென்ன? சிங்களம் கற்றார். கட்டுக்காவல் சற்றே தளர்ந்ததும் சிறைக்குள்ளேயே ஒரு சிறு குடிலும் பீடமும் அமைத்து நத்தார்ப் பூசை நிறைவேற்றினார். பூசைக்கு மக்கள் மெல்ல மெல்ல வந்தனர். காவலர் கண்டும் காணாதவர்போல் இருந்தனர். வெளியே செல்ல வழியில்லாதவனுக்குச் செய்வதற்கு வேலையுமில்லை என்று எண்ணுவதே வழக்கம். அவ்வழக்கத்தை அவர் அறியாதவர் போலும்!

1693 இல் கடும் வறட்சி நேர்ந்தபோது மன்னன் வேண்டிக்கொள்ள, வெட்டவெளியிற் பீடமும் சிலுவையும் நாட்டி அடிகளார் மன்றாடினார் என்றும், மழை கொட்டிற்று என்றும் வரலாறு கூறும். அவருக்கு விடுதலையும், அரசெங்கும் சென்று போதிக்கும் உரிமையும் கிடைத்தன. இன்று இரத்தினபுரி, கேகாலை என்று வழங்கும் சப்ரகமுவ நிலமும் அக்காலத்தில் கண்டியரசைச் சேர்ந்ததே.

ஆயினும் உதவிக்குக் கோவாவிலிருந்து வேறு குருமார் வந்து சேர, அவர் இலங்கையில் இறங்கிய நாளிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன. அத்தனை காலமும் தன்னந்தனியே நடந்தார். 1697 இல் கண்டியில் வைசூரி பரவி, உற்றாரும் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, புதிதாக வந்த தம் மருமகன் கார்வாலோ அடிகளுடன் சேர்ந்து, கைவிடப்பட்டோருக்குக் குடில் அமைத்து, கஞ்சி ஊட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். பௌத்தரென்றோ கிறிஸ்தவரென்றோ அவர் வேறுபாடு பார்க்கவில்லை. மன்னனின் நெஞ்சை மழையைவிட இத்தொண்டே ஆழமாக நனைத்திருக்கும் என்று கருத இடமுண்டு.

1705 இல் ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் வந்தார். சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல யாத்த பேரறிஞர் அவர். தொடர்ந்து செய்ய ஆள் வந்துவிட்டது. மூத்தவரின் உடலோ தளர்ந்துவிட்டது. 1711 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள், அறுபது வயது நிரம்பு முன்னரே, கண்டியில் யோசேவாஸ் அடிகளார் உயிர் நீத்தார். அவரை அடக்கிய இடம் இன்னதென்று இன்று காட்டுவாரில்லை.

திருச்சபையும் அவரை நெடுங்காலம் காத்திருக்கச் செய்தது. 1995 சனவரி 21 இல், கொழும்பு காலிமுகத்திடலில், பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை முக்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே திடலில் 2015 சனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார். முதல் அறிவிப்பு வந்த அந்த 1995 ஆம் ஆண்டிலேயே, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் கத்தோலிக்கருக்கென்று இரத்தினபுரி மறைமாவட்டம் தனியே அமைந்தது.