ஒப்புரவு கண்ட போதகர்: தோமஸ் சால்மேர்ஸ்

பரிதிமாற்கலைஞரும் மறைமலையடிகளும் தமிழ் கற்பித்த இடம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்பதை இலக்கிய வரலாறு பயில்வோர் யாவரும் அறிவர். அக் கல்லூரி 1837ஆம் ஆண்டிலே யோன் அண்டர்சன் என்னும் ஸ்கொத்லாந்துப் போதகரால் ஒரு பள்ளிக்கூடமாகத் தொடங்கப்பெற்றது. ஆறாண்டுகளின் பின் அவருடைய தாய்ச்சபை இரண்டாகப் பிரிந்தது. அப்பொழுது அவர் கட்டடமும் மானியமும் உடைய பழைய சபையை விடுத்து, கையிலே பொருளில்லாத புதிய சபையின் பக்கம் நின்றார். இந்தியாவிலிருந்த ஏனைய ஸ்கொத்லாந்துத் தொண்டரும் அவ்வாறே நின்றனர். பொருளில்லாத சபையொன்றை நம்பி இத்துணைப் பேர் எங்ஙனம் துணிந்தனர் என்னும் வினா, உரைநடை வரலாறு கற்பிக்குங் காலங்களில் என் உள்ளத்தில் எழுவதுண்டு. விடை தேடிய என்னை அவ்வினா ஒரு பெரியாரின் வரலாற்றிலே கொண்டுபோய் நிறுத்தியது. அவரே தோமஸ் சால்மேர்ஸ்.

ஸ்கொத்லாந்தின் சபை பிரெஸ்பிட்டேரியன் முறையினது. அம்முறையில் அத்தியட்சர் இலர். போதகர் அனைவரும் ஒரே நிலையினர். அவரும் மூப்பரும் மன்றமாகக் கூடிக் காரியங்களை நடத்துவர். ஆண்டுதோறும் பொதுப்பேரவை கூடும். அதன் தலைவர் பதவியும் ஓராண்டுக்கே உரியது. ஆயினும், நிலையால் ஒத்த போதகர் வாழ்வால் ஒத்தவரல்லர். நகரத்துச் செல்வச் சபையின் போதகரும் மலைநாட்டு ஏழைச் சபையின் போதகரும் பெயரளவிலேயே உடன்பிறப்புக்களாயினர். இவ் வேறுபாட்டைக் களைய முயன்றதே சால்மேர்ஸின் தலையாய தொண்டு என்பது என் கருத்து.

அவர் 1780ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17ஆந் திகதி, பைஃப் பகுதியிலுள்ள அன்ஸ்றதர் என்னுங் கடற்கரையூரிலே பிறந்தார். வணிகர் ஒருவரின் பதினான்கு மக்களுள் ஆறாமவர். பதினொரு வயதிலே சென் அன்றூஸ் பல்கலைக்கழகம் புகுந்தார். கணிதத்தில் அவருக்கிருந்த காதல் பெரிது. 1803இல் கில்மனி என்னுஞ் சிற்றூரின் போதகராக அமர்ந்த பின்னரும் அவர் மனம் கணிதத்திலேயே இருந்தது. ஊர்ப்பணியைச் செவ்வனே முடித்த பின்னும் வாரத்தில் ஐந்து நாள் அறிவியலாராய்ச்சிக்கு எஞ்சும் என வாதித்து, 1805இல் ஒரு சிறுநூலும் வெளியிட்டார். பின்னர் உடன்பிறந்தார் இருவர் காச நோயால் மாண்டனர். தாமும் நெடுநாள் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். எழுந்தபோது அவர் வேறொருவராக எழுந்தார். 1825இற் கூடிய பொதுப்பேரவையிலே எதிர்க்கட்சியார் ஒருவர் அப் பழைய நூலை எடுத்துக்காட்டி அவரை நாணச் செய்ய முயன்றார். சால்மேர்ஸ் எழுந்து, அது தாம் எழுதியதே என ஏற்றார். கணிதம் அளவுகளைப் பற்றியதாயிருக்க, காலத்தின் சிறுமை, நித்தியத்தின் பெருமை என்னும் இரண்டு அளவுகளைத் தாம் அன்று மறந்துவிட்டதாகக் கூறி அமர்ந்தார். சபை அடங்கிற்று.

1815இற் கிளாஸ்கோ நகரம் அவரை அழைத்தது. ஆலைத் தொழில் பெருகி, மக்கள் நெருங்கி, வறுமை மலிந்திருந்த காலம் அது. 1819இல் ஏறக்குறைய 10,000 மக்கள் வாழ்ந்த சென் யோன்ஸ் என்னும் புதிய வட்டாரத்தை ஏற்று, அதனை 25 சிறு பிரிவுகளாக வகுத்தார். பிரிவுதோறும் மூப்பர் ஒருவரையும் உதவிக்காரர் ஒருவரையும் அமர்த்தி, வீடுவீடாகச் சென்று நலம் விசாரிக்கச் செய்தார். வறியோர்க்கு வேண்டியதை அரசிறையிற் பெறாது, கோயில் வாயிலில் விழுங் காணிக்கையிலிருந்தே வழங்கினார். அரசு செய்யவேண்டிய கடமையைத் தருமத்தின் மேற் சுமத்தும் இத் திட்டத்தை யான் முற்றும் ஏற்பேனல்லேன். அவர் அவ்விடம் விட்டு நீங்கிய பின் அது 1837 வரையே நீடித்தது. ஆயினும், ஓரூரைச் சிறு கூறுகளாக்கி, கூறுதோறும் அறிந்த முகமொன்றை நிறுத்தும் வழியை அங்கேதான் அவர் கற்றார்.

1823இற் சென் அன்றூஸிலும், 1828இல் எடின்பரோவிலும் பேராசிரியரானார். கல்கத்தாவிற் கல்விப்பணி புரிந்த அலெக்சாந்தர் டவ் அவருடைய மாணவரே. 1834 முதல் ஏழாண்டுகள் புதிய கோயில்கள் எடுக்கும் பணிக்குத் தலைமை தாங்கி, மூன்று இலட்சம் பவுண் அளவிற் பொருள் திரட்டி, இருநூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள் எழச் செய்தார்.

அக்காலத்திலேயே பெரும் பூசலொன்று மூண்டது. ஓரூர்ப் போதகரை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் நிலக்கிழார் கையில் இருந்தது. சபையார் விரும்பாத ஒருவரை அவர்மேற் சுமத்தலாகாது எனப் பொதுப்பேரவை 1834இல் விதித்தது. நீதிமன்றங்கள் அவ்விதியைச் செல்லாததாக்கின. மனச்சாட்சிக்கு இணங்கி வெளியேறினால், போதகர் வீடும் சம்பளமும் கோயிலும் ஒருங்கே இழக்கவேண்டும். 1842ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 450இற்கு மேற்பட்ட போதகர் எடின்பரோவிற் கூடி ஆராய்ந்தனர். கொள்கையைப் பற்றி ஐயமில்லை; மனைவி மக்களுக்கு உணவு எங்கே என்பதே பலர் நெஞ்சையும் உறுத்திய வினா.

சால்மேர்ஸ் அவர்க்கு ஒரு கணக்கைக் காட்டினார். ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே போற்றவேண்டும் என்றால் ஏழைச் சபைகள் அழியும். ஆதலால் எல்லாச் சபைகளும் தம்மால் இயன்றதை ஒரு பொது நிதிக்கு அனுப்புக. அந்நிதியிலிருந்து நகரத்தார்க்கும் மலைநாட்டார்க்கும் ஒரே அளவாகப் பங்கிடுக. செல்வரின் பெருங்கொடையை மட்டும் நம்பாது, வாரத்துக்கு ஒரு பெனி கொடுக்கும் ஏழையையும் நம்புக. கிளாஸ்கோவில் வட்டாரத்தை வகுத்தது போல நாடெங்கும் சிறு கூறுகளாக வகுத்து, கூறுதோறும் பணம் திரட்டுவோரை அமர்த்துக. இதுவே அக் கணக்கு. இளமையிற் கற்ற கணிதம் அன்று அறத்துக்குப் பயன்பட்டது.

1843ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி, பேரவைத் தலைவர் டேவிட் வெல்ஷ் எதிர்ப்புப் பத்திரத்தை மேசைமேல் வைத்து வெளியேறினார். சால்மேர்ஸ் அவரைத் தொடர்ந்தார். தெருவில் மக்கள் திரண்டு நிற்க, போதகர் வரிசையாக நடந்து ரான்பீல்ட் மண்டபம் சேர்ந்தனர். அங்கே சுயாதீனச் சபை பிறந்தது. அதன் முதற்றலைவர் சால்மேர்ஸ். 1,200இற்கு அண்மிய போதகருள் 474 பேர் தம் பதவியையும் வாழ்வையும் துறந்து கையொப்பமிட்டனர். சென்னை அண்டர்சன் நம்பியதும் இச் சபையையே.

பின் வந்த துன்பம் சிறிதன்று. நிலக்கிழார் சிலர் கோயிலெடுக்க நிலம் மறுத்தனர். கனோன்பியில் மக்கள் தெருவோரத்தே வழிபட்டனர். ஸ்ட்ரொன்றியனில் நிலம் கிடையாமையால், 1846இல் இரும்பினால் மிதக்குங் கோயில் ஒன்று செய்து கடற்கழியிலே நிறுத்தினர். வீடிழந்த போதகர்க்காகத் தோமஸ் கத்றி என்னும் போதகர் ஊரூராகச் சென்று, ஓராண்டளவில் 1,16,000 பவுண் திரட்டினார். தமக்கு வீடு வேண்டுமென்றன்று, உடன் போதகர்க்கு வீடு வேண்டுமென்றே அவர் அலைந்தார் என்பது கருதத்தக்கது.

சால்மேர்ஸ் குறையற்றவரல்லர். புதிய சபை அமெரிக்காவிற் பொருள் திரட்டியபோது, அடிமைகளை உடைமையாக வைத்திருந்தோரின் பணமும் அதிற் சேர்ந்தது. அடிமைநிலையினின்று தப்பிய பிரடெரிக் டக்லஸ் 1846இல் ஸ்கொத்லாந்துக்கு வந்து, அப்பணத்தைத் திருப்பியனுப்புமாறு வற்புறுத்தினார். சபை திருப்பியனுப்பவில்லை; சால்மேர்ஸ் அடிமைமுறையை வெறுத்தவராயினும் அவ்வமெரிக்கச் சபைகளோடு உறவறுக்க இசையவில்லை. அருகிலுள்ள ஏழையின் பசியைக் கண்ட கண்ணுக்குக் கடலுக்கப்பாற்பட்ட அடிமையின் கண்ணீர் தெளிவாகத் தெரியவில்லை. இவ்விடத்து யான் டக்லஸின் பக்கமே நிற்பேன்.

தம் திட்டத்தின் குறையை அவரே கண்டதுதான் என்னை மிகவுங் கவர்ந்த செய்தி. தாம் கொடுப்பது எத்துணைக் குறைந்தாலும் பெறும் பங்கு ஒன்றே எனக் கண்ட சில சபைகள், முயற்சியிற் றளர்ந்தன. எனவே, உதவி பெறும் சபை தான் அனுப்புவதோடு அதிற் பாதியையே மிகுதியாகப் பெறுக என அவர் வாதித்தார். சமபங்கே நீதி எனப் பலர் மறுத்தனர். பெறுவோன் கையையும் உழைக்கச் செய்யாத உதவி நிலையாது என்பது அவர் அச்சம். மெலிந்தோனை அளந்து பார்த்து உதவலாகாது என்பது மற்றவர் அச்சம். இவ்விரண்டும் மெய்யான அச்சங்களே. ஒப்புரவு என்பது கொடுத்தலோடு முடிவதன்று என்பதை இவ்வழக்கு நன்கு புலப்படுத்துகின்றது.

முதுமையிலும் அவர் ஓய்ந்திலர். 1844இல் எடின்பரோவின் இழிநிலைப் பகுதியாகிய வெஸ்ற் போட்டிலே, தோல் பதனிடுங் கூடத்தின் மாடியிற் பணி தொடங்கினார். 1847இல் அங்கே கோயில் எழுந்தது. அவ்வாண்டு மே மாதம், நிலம் மறுக்கப்பட்ட சபைகளுக்காக இலண்டன் சென்று பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியங் கூறி மீண்டார். மீண்ட சில நாளில், 31ஆந் திகதி காலை, தம் படுக்கையில் அமைதியாக உயிர் நீத்திருக்கக் கண்டனர்.

அவர் மறைந்தபோது நான்கு வயதே நிரம்பிய அச் சபைக்கு எழுநூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள் இருந்தன. பிரிந்த கிளைகளின் பெரும்பகுதி 1929இல் மீண்டும் ஒன்றாயிற்று; பிரிவுக்குக் காரணமான வழக்கு பழங்கதையாயிற்று. பொது நிதியிலிருந்து போதகர் அனைவரையும் போற்றும் வழக்கமோ அந்நாட்டுச் சபையில் இன்றும் நிலவுகின்றது. கோயில்களை எண்ணி ஒரு சபையின் வளர்ச்சியை அளப்பது எளிது. காணாத மலைநாட்டிலுள்ள உடன்தொண்டனின் அடுப்பு எரிகின்றதா என நகரத்துப் போதகர் ஒருவர் நினைத்துப் பார்க்கத் தொடங்கிய நாளையே யான் அச் சபையின் வளர்ச்சி தொடங்கிய நாளாகக் கொள்வேன்.